கிறிஸ்துமஸ் தீவுக்கு ஃப்ளை ஃபிஷிங்: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். நண்பரோடு கிரிபட்டி நாட்டின் கிறிஸ்துமஸ் தீவுக்கு (கிரிட்டிமாட்டி) ஒரு வாரம் ஃப்ளை ஃபிஷிங் முறையில் ('ஃப்ளை' என்ற லேசான போலி இரையை வீசி) ஆழமற்ற கடலில் மேயும் போன்ஃபிஷ் மீனைப் பிடிக்கப் போகிறேன். நன்னீரில் பயன்படுத்திய 8 வெயிட் ராடும் (தூண்டில் கோல்; வெயிட் எண் கூடக் கூட வலு கூடும்) லைனைச் சுற்றும் ரீலும் கைவசம் இருக்கின்றன. கடைக்காரர் விலை உயர்ந்த புது ராடை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 9 அடி நீளமுள்ள 8 வெயிட் ராட் போன்ஃபிஷுக்குத் தாராளம். மிச்சமாகும் பணத்தை முதலில் ரீலில் போடுங்கள். தூண்டில் மாட்டியதும் போன்ஃபிஷ் ஒரே ஓட்டமாக லைன் முழுவதையும் இழுத்துக்கொண்டு, அதற்கு அடியில் சுற்றியிருக்கும் மெல்லிய கயிறான பேக்கிங் வரை போய்விடும். சாதாரண ரீலில், லைன் ஓடுவதை மட்டுப்படுத்தும் பிரேக்கான டிராக்கில் உப்பும் மணலும் புகுந்தால் அது சீராகச் சுழலாமல் பிடித்துப் பிடித்து விடும். ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி இழையான டிப்பெட் அறுவது அந்த இடத்தில்தான். சீல் செய்த டிராக் உள்ள ரீலும், 30 பவுண்டு இழுவை தாங்கும் பேக்கிங் 200 கெஜமும் வாங்குங்கள். தினமும் மாலை டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, காய்ந்த பிறகு தளர்த்தி வையுங்கள்.

அடுத்தது லைன். குளிர்ப் பிரதேச லைன் அந்த வெயிலில் துவண்டு, வளையங்களில் ஒட்டிக்கொள்ளும்; தூரம் போகாது. 'டிராபிகல்' என்று அட்டையில் குறிப்பிட்ட மிதக்கும் லைன் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பவளப் பாறை கீறிவிட்டால் தீவில் வேறு வாங்க வழியில்லை. லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் இழையான லீடர் 9 முதல் 10 அடி, அதன் நுனியான டிப்பெட் 12 முதல் 16 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன்.

ஃப்ளை விஷயத்தில் பலரும் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது எடை. கணுக்கால் அளவு தண்ணீரில் கனமான ஃப்ளை 'பொத்'தென்று விழுந்தால் மீன் சிதறி ஓடும். முழங்கால் ஆழத்தில் லேசானது அடிக்குப் போகாமல் மீனின் தலைக்கு மேலேயே நிற்கும். கிரேஸி சார்லி, காட்சா, கிறிஸ்துமஸ் ஐலண்ட் ஸ்பெஷல் ஆகிய ஃப்ளை வகைகளை 6, 8 கொக்கி அளவுகளில், கண் (எடைக்காகத் தலையில் கட்டும் மணி) இல்லாதது, மணிச்சங்கிலிக் கண், ஈயக் கண் என மூன்று எடையிலும் வாங்குங்கள். நன்னீர்க் கொக்கி வேண்டாம், துருப்பிடிக்கும், நிமிர்ந்தும்விடும்.

காலணியில் சிக்கனம் பார்க்காதீர்கள். மெல்லிய அடியுள்ள ஜிப் பூட்டைப் பவளம் கிழித்துவிடும். கெட்டியான அடி வேண்டும். திருக்கையை மிதிக்காமலிருக்கக் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும்.

கேள்வி: ஜயண்ட் டிரெவாலி என்ற பெரிய, முரட்டு மீனுக்கும் தனி செட் வேண்டுமா?

பதில்: அதே 8 வெயிட்டில் முயன்றால் ராட் உடையும். அதற்கு 12 வெயிட் ராடும் 80 பவுண்டுக்குக் குறையாத லீடரும் தேவை. ஒரே பயணத்துக்காக வாங்குவது வீண். தங்குமிடத்தில் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: டிக்கெட், தங்குமிடம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில், எந்தக் கிறிஸ்துமஸ் தீவு என்று பாருங்கள். ஜாவாவுக்குத் தெற்கே ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இன்னொன்று இருக்கிறது; அதன் விமான நிலையக் குறியீடு எக்ஸ்.சி.ஹெச். நீங்கள் போக வேண்டியது சி.எக்ஸ்.ஐ.

இரண்டாவது, தேதி. தீவும் ஹொனலுலுவும் கடிகாரத்தில் ஒரே நேரம், நாள்காட்டியில் ஒரு நாள் வித்தியாசம். ஹொனலுலுவில் செவ்வாய் என்றால் தீவில் புதன். அறையைத் தீவின் தேதிக்குப் போடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஹொனலுலு வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டுமென்றாலும் அமெரிக்க விசா வேண்டும். ஃபிஜியின் நாடி வழியே போவது உங்களுக்குச் சுலபம்.

விமான சேவை மிகக் குறைவு. ஒன்று ரத்தானால் அடுத்ததற்கு நாள் கணக்கில் காத்திருக்க நேரும். அந்த நாட்களின் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் தலையில் என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகு எரிபொருளும் மீன்பிடி உரிமமும் கட்டணத்தில் சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். தீவில் செலவுக்கு ஆஸ்திரேலிய டாலர் ரொக்கமாக வேண்டும்.

காப்பீட்டில் 'மருத்துவ வெளியேற்றம்' கட்டாயம் இருக்கட்டும். பெரிய சிகிச்சை எதற்கும் தீவை விட்டுப் பறக்க வேண்டும்.

எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும்) ஆண்டு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. வழக்கமாக வறண்ட அந்தத் தீவில் அப்போது மேகமும் மழையும் கூடும். வெயில் இல்லாவிட்டால் போன்ஃபிஷ் கண்ணுக்கே தெரியாது, எவ்வளவு நல்ல போலரைஸ்டு கண்ணாடி போட்டாலும்.

கேள்வி: ஃப்ளை, ராட் எல்லாவற்றையும் கைப்பையில் கொண்டுபோகலாமா?

பதில்: கொக்கியும் இடுக்கியும் சோதனையில் சிக்கலாம். அவற்றைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஃப்ளைகளில் பாதியை நண்பரின் பெட்டியில் போடுங்கள். நான்கு துண்டு ராடைக் கைப்பையாக அனுமதிப்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மறுத்தால் செக்-இன் செய்ய வசதியாகக் கெட்டியான குழாயிலேயே போட்டுக் கொண்டுபோங்கள்.