பேலஸ்ல ஒருத்தன்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர், ஈரோட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். வேலை முடிந்து ராத்திரியில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டு ஆடுவோம். மேட்ச்சுக்கு முன்னால் அன்றைய திட்டத்தை வாட்ஸ்அப்பில் நான்தான் டைப் செய்து போடுவேன். எங்களில் ஒருவன் எதைப் போட்டாலும் கமா எங்கே, புள்ளி எங்கே என்று பிடித்துக்கொள்வான். போன வாரம் மிராஜ் என்ற மேப்புக்கு (ஆடுகளத்துக்கு) நான் எழுதிய வரி: "ஸ்மோக் விழுந்ததும் ராம்ப்ல ரெண்டு பேர் பேலஸ்ல ஒருத்தன் ஃபிளாஷ் போட்டதும் உள்ள". இதில் நான்கு இடத்தில் குறி போட்டுத் திருப்பி அனுப்பினான். சண்டையாகிவிட்டது. அன்று அந்த ரவுண்டும் போயிற்று, பேலஸில் நின்றவன் ஃபிளாஷே போடவில்லை, அது வேறு விஷயம். குறி போடுகிறவனை டீமைவிட்டு எடுத்துவிடலாம் என்கிறார்கள் மற்றவர்கள். துப்பாக்கிச் சண்டைக்கு இலக்கணம் எதற்கு? ஓலைச்சுவடியில் கமா இருந்ததா? வெள்ளைக்காரன் கொடுத்ததுதானே இது? அப்பா இந்த விளையாட்டே தண்டம் என்கிறார், அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கா., ஈரோடு

அன்புள்ள தம்பி,

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேலையையும் வீட்டையும் கவனித்துவிட்டு ஆடுகிறீர்கள் என்றால் ஆடுங்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடினால் அவர் சொல்வதுதான் சரி.

மற்றதற்கு வருகிறேன். சில வாரங்களாக பாலக்லாவா போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1854 அக்டோபர் 25, கிரிமியா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு குன்றின்மேல் இருக்கிறார். கீழே பள்ளத்தாக்கில் குதிரைப்படையோடு லூகன் பிரபு. மேலிருந்தவருக்கு முழுக் களமும் தெரிந்தது. கீழிருந்தவருக்கு எதிரே இருந்த மேட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்த மேட்டில் இருந்த காவல் அரண்களைக் காலையிலேயே ரஷ்யர்கள் பிடித்துவிட்டார்கள்.

அன்று குதிரைப்படைக்குப் போன மூன்றாவது உத்தரவைப் பாருங்கள். மேட்டைத் திரும்பப் பிடிக்க வாய்ப்புக் கிடைத்தால் குதிரைப்படை முன்னேற வேண்டும். இரு முனைகளில் முன்னேறும்படி உத்தரவு பெற்ற காலாட்படை துணைக்கு வரும். ராக்லன் பக்கம் இருந்த பிரதியில் விஷயம் இதுதான். லூகன் கைக்கு வந்த தாளில், ஆங்கில வாக்கியத்தில் முதலில் வரும் "உத்தரவு" என்ற இடத்தோடு ஒரு முற்றுப்புள்ளி விழுந்திருந்தது. அதன்பிறகு புது வாக்கியமாக, பெரிய எழுத்தில் தொடங்கி, "இரு முனைகளில் முன்னேறவும்". இப்போது முன்னேற வேண்டியது யார்? காலாட்படையா, குதிரைப்படையா? காலாட்படை வந்து சேரட்டும், சேர்ந்து போகலாம் என்று லூகன் காத்துக்கொண்டிருந்தார். குன்றின்மேல் இருந்தவரோ, ஏன் இன்னும் நகரவில்லை என்று பொறுமை இழந்துகொண்டிருந்தார். ரஷ்யர்கள் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்ற நிலையில் அவசரமாக நான்காவது உத்தரவு எழுதப்பட்டது. எந்தப் பீரங்கிகள் என்று அதில் தெளிவாக இல்லை. சுமார் 670 பேர் தப்பான பள்ளத்தாக்குக்குள் குதிரையை விட்டார்கள். 100 பேருக்கு மேல் செத்தார்கள்.

ஒரு முற்றுப்புள்ளிதான் அத்தனை பேரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ராக்லன், லூகன், செய்தி கொண்டுபோன நோலன் என்று பலருடைய ஆணவமும் கோபமும் அதில் இருக்கிறது. ஆனால் கீழே இருந்த ஆள் காத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்துக்கு, அந்தத் தாளில் இருந்த புள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் கடிதம் வந்தபோது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "அது வேறு விஷயம்" என்று எவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டீர்கள்! அது வேறு விஷயம் இல்லை தம்பி. அதேதான்.

என் அக்கா மகன் இந்த விளையாட்டை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மிராஜில் "ஏ" என்று பெயர் வைத்த பக்கத்துக்குள் நுழைய ராம்ப் ஒரு வழி, பேலஸ் இன்னொரு வழி. புகைக்குண்டு விழுந்தால் எதிராளியின் பார்வை சுமார் 20 நொடி மறையும். அதற்குள் வெளிச்சக்குண்டை, அதாவது ஃபிளாஷைப் போட்டு அவன் கண்ணைக் கூசவைத்துவிட்டு உள்ளே பாய வேண்டும். இப்போது உங்கள் வரியைப் படிக்கிறேன். "ராம்ப்ல ரெண்டு பேர், பேலஸ்ல ஒருத்தன். ஃபிளாஷ் போட்டதும் உள்ள." இது ஒரு திட்டம். ஃபிளாஷை வேறு யாரோ போடுவார்கள், பேலஸில் நிற்பவன் காத்திருக்க வேண்டும். "ராம்ப்ல ரெண்டு பேர். பேலஸ்ல ஒருத்தன் ஃபிளாஷ் போட்டதும், உள்ள." இது வேறு திட்டம். இதில் போட வேண்டியவனே அவன்தான். நீங்கள் எழுதிய வரியில் இரண்டும் இருந்தது. பேலஸில் நின்ற பையன் முதல் திட்டப்படி காத்திருந்தான், ராம்ப்பில் நின்றவர்கள் இரண்டாவது திட்டப்படி அவன் போடுவான் என்று காத்திருந்தார்கள். புகை கலைந்துவிட்டது. அன்று இரவு அந்தப் பையனைத் திட்டினீர்களா? திட்டியிருந்தால் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

குரலில் பேசிக்கொள்ளலாமே என்பீர்கள். பேசும்போது உங்கள் மூச்சு எங்கே நிற்கிறது என்று அவனுக்குக் கேட்கும். நீங்கள் எழுதியல்லவா அனுப்பினீர்கள்?

சரி, ஓலைச்சுவடிக்கு வருகிறேன். இதை என்னிடம் நிறையப் பேர் பெருமையாகச் சொல்லிவிட்டார்கள், இனி யாரும் சொல்ல வேண்டாம். ஓலையில் இருந்தது பெரும்பாலும் செய்யுள். சீரும் அடியும் எதுகையும் நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்டிவிடும். மிச்சத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து சொல்வார். ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டவர்கள் அவர்கள். அப்புறம் அந்த ஏடுகளைப் பதிப்பிக்க உட்கார்ந்தவர்கள் ஒரு வரிக்கு எத்தனை நாள் கண்விழித்தார்கள் என்று தெரியுமா? உரைநடை அச்சில் ஏறியபோது, எதிரே ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிக்கும் ஒருவர் வந்துவிட்டார். அவருக்காகத்தான் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தன் பதிப்புகளில் குறிகளை இட்டார். 1822இல் பிறந்தவர், சைவத்துக்காக வாழ்நாள் முழுக்கப் பாதிரிமாரோடு வாதாடியவர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதியவர். ஆங்கில அச்சில் இருந்த கமாவைச் சைவ நூலுக்குள் கொண்டுவர அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. உங்களுக்கு என்ன?

இளவயதில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கும் பெரியவருக்குக் கூடவே படிக்கும் வேலை எனக்கு. கையெழுத்துப் பிரதியை நான் உரக்கப் படிக்க வேண்டும், குறிகளையும் சேர்த்து. அவர் காலி புரூஃபில், அதாவது திருத்துவதற்காக எடுத்த அச்சுத் தாளில், விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். ஒருநாள் கல்யாண அழைப்பிதழ் ஒன்று. மிஷினில் ஏற்றியாகிவிட்டது, முதல் தாள் வந்தது. வரவேற்கும் உறவினர் பட்டியலில் ஒரு காற்புள்ளி டைப் நழுவி விழுந்திருந்தது. அண்ணன் பெயரும் தம்பி பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளாகிவிட்டது, அண்ணன் தம்பிக்கு அப்பா மாதிரி. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர், யார் கவனிக்கப்போகிறார்கள் என்றார். பெரியவர் மிஷினை நிறுத்தச் சொல்லி, எழுத்துகளைக் கோத்து இறுக்கிய ஃபாரத்தை இறக்கிப் பிரிக்கவைத்து, அந்த மெல்லிய ஈயத் துண்டை இடுக்கியால் எடுத்துத் தானே வைத்தார். "தன் பேரு இல்லைன்னு அந்தத் தம்பி கல்யாணத்துக்கே வரமாட்டாரு" என்றார். அவ்வளவுதான் பேசினார். அவரை அங்கே யாருக்கும் பிடிக்காது. தொணதொணப்பு என்பார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த அச்சகத்திலிருந்து வந்த புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன், சொல்ல மனம் வரவில்லை.

உங்கள் நண்பனுக்கு வருகிறேன். நான்கு பேருக்குத் திட்டம் எழுதுகிறீர்கள். மூன்று பேர் கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவன் மட்டும் அதைச் சொல் சொல்லாகப் படித்து, இரண்டு விதமாக அர்த்தம் வருகிறது என்று கண்டுபிடித்து, வரியைச் சரிசெய்து திருப்பி அனுப்புகிறான். நீங்கள் எழுதுவதை முழுசாகப் படிக்கும் ஒரே ஆள் அவன்தான். அவனைத்தான் வெளியேற்றப் பார்க்கிறீர்கள். எழுதிக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டிய எனக்கு அப்படி ஒருவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எனக்கு இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

உங்கள் கடிதம் மொத்தமும் ஒரே வாக்கியமாக வந்தது. மேலே இருக்கும் புள்ளிகள் நான் வைத்தவை. ஆனாலும் அதில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து, நான்கு நண்பர்களுக்காக உட்கார்ந்து திட்டம் யோசித்து டைப் செய்கிற அக்கறை. அந்த அக்கறை கடைசி எழுத்துவரை போகட்டும்.

அவன் பக்கமும் தப்பு இருக்கலாம். "சரிடா", "வந்துட்டேன்" என்பதற்கெல்லாம் புள்ளி கேட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டு தொடங்குமுன் கிடைக்கும் 15 நொடியில் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அடுத்த மேட்ச்சுக்கான திட்டத்தை நீங்கள் யோசியுங்கள், அவன் எழுதட்டும். யார், எங்கே, எதற்குப் பிறகு என்று மூன்று சின்ன வாக்கியம் போதும். பேலஸில் யாரை நிறுத்துகிறீர்களோ அவன் பெயரையும் போடச் சொல்லுங்கள், "ஒருத்தன்" வேண்டாம்.