நான்கு சான்றிதழ் இருக்கிறது, பின்னால் நிற்கும் மண்திட்டை யார் பார்ப்பது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். பள்ளியின் பின்பக்கம் பதினைந்து அடி உயர மண்திட்டும் அதைத் தாங்கும் கல் சுவரும் இருக்கின்றன. போன கார்த்திகை மழைக்குப் பிறகு அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. திட்டுக்கு மேலே ஒருவர் காட்டேஜ் கட்டுவதற்காகப் பொக்லைன் வைத்து மண் எடுக்கிறார். தலைமையாசிரியரிடம் சொன்னால், "எல்லாச் சான்றிதழும் வாங்கியிருக்கிறோம், அவசரகாலத் திட்டமும் இருக்கிறது" என்று ஒரு ஃபைலைக் காட்டுகிறார். தீப்பிடித்தால் மைதானத்துக்கு ஓட வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எந்தச் சட்டத்தைச் சொல்லி, யாரிடம் கேட்பது ஐயா?

பதில்: தலைமையாசிரியர் சொல்வது பொய்யாக இருக்காது. நான் வட்டாட்சியராக இருந்து ஓய்வுபெற்றவன். பள்ளிக் கட்டடங்களுக்கு உரிமம் கொடுக்கும் நாற்காலி அது. அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஒரு பள்ளி நான்கு தாள்களைக் காட்ட வேண்டும்: பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, 1965ஆம் ஆண்டு தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியர் தரும் உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. நான்கும் கட்டடத்தையும் காம்பவுண்டையும்தான் பார்க்கின்றன. தலைக்கு மேலே நிற்கும் மலையைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடையாது.

நானும் கேட்டதில்லை. கூரையைப் பார்ப்பேன், படிக்கட்டின் அகலத்தை அளக்கச் சொல்வேன், பொறியாளர் சான்றின் தேதியைச் சரிபார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஒரே ஒரு பள்ளியில் பின்பக்கம் போனேன், அதுவும் கழிப்பறையைத் தேடிக்கொண்டு. வகுப்பறைச் சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. அங்கே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலிருந்து வடிந்த சேறு பெஞ்சுக் கால்களில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்திருந்தது. அன்றும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளிப் பாதுகாப்பு என்று முழுமையாக ஒரே சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒரு விதி வந்து சேர்ந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு ஓலைக் கூரை போயிற்று. 2009இல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளி என்பது கல்வி உரிமைக்குள் அடங்கியது என்று சொல்லி, தீயணைப்பான்களையும் ஆசிரியர் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. 2012இல் பேருந்துத் தளத்தின் ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள், பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள், பழுதான கட்டடங்களை இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க நடந்தது. எல்லாமே சமவெளியில் நடந்தவை. சமவெளிக்காரர்கள் பயந்ததெல்லாம் சட்டமாயிற்று, நம்முடைய பயம் விட்டுப்போயிற்று. இத்தனைக்கும் 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

மலைச்சரிவைப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1990இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் புதிதாகக் கட்ட வேண்டுமானால் புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத் துறை ஆகியவற்றின் கருத்தைக் கேட்பார்கள். ஆனால் நம் மலையில் பல பள்ளிகள் அதற்கு வெகுகாலம் முந்தியவை. அவற்றை யாரும் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை.

இனி உங்கள் சுவர். வயிறு தள்ளுவது சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அழுத்துவதன் அடையாளம். முதலில் சுவரில் உள்ள நீர் வடியும் துளைகளைப் பாருங்கள். பாசியும் மண்ணும் அடைத்திருக்கிறதா, மழை நின்ற மறுநாள் அவற்றில் தண்ணீர் சொட்டுகிறதா? சொட்டாத துளைதான் ஆபத்து. வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை, கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது. திட்டின் மேல் விளிம்புக்குப் பின்னால் தரையில் விரிசல் ஓடுகிறதா, மரங்கள் புதிதாகச் சாய்ந்திருக்கின்றனவா, திட்டை ஒட்டிய வகுப்பறைக் கதவு திடீரென்று சாத்த மாட்டாமல் இறுகுகிறதா என்றும் கவனியுங்கள். சுவரில் விரிசல் இருந்தால் பழைய மேஸ்திரிகள் செய்வதைச் செய்யுங்கள்: ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரு முனையிலும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அதன் படம், "சுவர் ஆபத்தாக இருக்கிறது" என்று எழுதும் பத்து மனுவைவிட வேலை செய்யும்.

சட்டத்தில் உங்களுக்குப் பிடி எங்கே இருக்கிறது என்றால், மேலாண்மைக் குழுவில் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு 2012இல் வந்த திருத்தப்படி, உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். ஆனாலும் தீர்மானம் போடுங்கள். தலைமையாசிரியரைக் குறைசொல்லும் வரி அதில் வேண்டாம். சுவரின் நிலை, அளவு, தேதி போதும். "எங்களுக்குத் தெரியாது" என்று பின்னால் எவரும் சொல்ல முடியாமல் செய்வதுதான் அந்தத் தாளின் வேலை.

உண்மையான அதிகாரம் 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். ஆபத்தான இடங்களை அடையாளம் காண்பதும், விதிமீறிய கட்டுமானத்தின்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்வதும் 30ஆம் பிரிவின்படி அந்த ஆணையத்தின் கடமை. அதன் உத்தரவை மீறினால் 51ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை, உயிர் போனால் இரண்டாண்டு. பொக்லைன் விஷயம் இன்னும் எளிது. நீலகிரியில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பொக்லைனால் மண் வெட்டக் கூடாது. அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வி போனதுமே பல இடங்களில் இயந்திரம் இறங்கிப் போய்விடும்.

சுவர் விழும் நிலையில் இருப்பதற்குக் குன்னூர் கோட்டாட்சியரிடம் தனி மனு கொடுங்கள். கோத்தகிரி அவர் எல்லைக்குள்தான் வருகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு என்று இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. விழும் நிலையிலுள்ள கட்டுமானத்தையோ மரத்தையோ அகற்ற, பழுதுபார்க்க அவர் உத்தரவிடலாம். மரம் என்றால் நீங்களாக வெட்டிவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

ஆட்சியர் மனுவில் "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்" என்று முடிக்காதீர்கள். அந்த வரிக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும்: "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது". கேட்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். புவியியல் மற்றும் சுரங்கத் துறையும் பொதுப்பணித் துறைப் பொறியாளரும் சேர்ந்து நேரில் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும், அதுவரை திட்டை ஒட்டிய வகுப்பறைகளில் குழந்தைகளை உட்கார வைக்கக் கூடாது. இரண்டே கோரிக்கை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். புரட்டாசிக்குள் அறிக்கை கையில் வர வேண்டும், ஐப்பசியில் மனு எழுதி என்ன பயன்?

அடுத்து அந்த ஃபைல். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2016ஆம் ஆண்டுப் பள்ளிப் பாதுகாப்புக் கொள்கை, ஒவ்வொரு பள்ளியும் தன் இடத்துக்கேற்ற திட்டம் எழுதி ஒத்திகை பார்க்க வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளியில் இருப்பது எங்கிருந்தோ நகலெடுத்த சமவெளித் திட்டம். மலையில் மைதானம் எப்படி உண்டாகிறது? சரிவின் உள்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணை வெளிப்பக்கம் கொட்டி நிரவுகிறோம். உள்விளிம்பில் நின்றால் தலைக்கு மேல் வெட்டுமண், வெளிவிளிம்பில் நின்றால் காலுக்குக் கீழே கொட்டுமண். தீக்கு அந்த மைதானம் சரி, மழைக்கு அது கூடாது. மழைக்கென்று வேறோர் இடம் வேண்டும்: திட்டின் கீழ் இல்லாத சமுதாயக் கூடம், கோயில் மண்டபம், சர்ச் எதுவானாலும் சரி. அதன் சாவி யாரிடம் என்பது திட்டத்தில் பெயரோடு இருக்க வேண்டும்.

காலையில் பெய்யும் மழைக்கு விடுமுறை அறிவிப்பு வந்துவிடும். மதியம் ஒரு மணிக்குக் கொட்டும் மழைக்குத்தான் திட்டம் தேவை. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள், போன் எடுக்க மாட்டாள், குழந்தை ஒற்றையடிப் பாதையில் தனியாக இறங்கும். பள்ளிக்கே ஆபத்து இல்லையென்றால் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். சத்துணவு அரிசி, பருப்பு இருக்கிறது, இரவு தங்கினாலும் பசிக்காது. (எண்ணெயையும் வெல்லத்தையும் மட்டும் பலமான கதவுக்குள் வையுங்கள், கரடிக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும்.)

குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பெயர், அதில் ஒருவர் பகலில் ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும். ஹட்டியில் (படகர் ஊரில்) பாட்டியோ, எஸ்டேட் லைன் வீட்டில் பக்கத்து வீட்டு அக்காவோ. பட்டியலைக் கம்ப்யூட்டரில் வைத்தால் மழையில் கரண்ட்டோடு அதுவும் போகும். தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, 1077 (மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை), 112 (அவசர உதவி), 101 (தீயணைப்பு), 108 (ஆம்புலன்ஸ்) ஆகிய எண்களை மேலே எழுதி, வருகைப் பதிவேட்டோடு கட்டி வையுங்கள். வெளியேறும்போது ஆசிரியர் எப்படியும் பதிவேட்டைக் கையில் எடுப்பார்.