34 செனட்டர்கள் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் போர் அறிவிக்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்குத்தான் என்று எழுதியிருந்தீர்கள். 1942-க்குப் பிறகு அது ஒருமுறைகூடப் போர் அறிவிக்கவில்லை. ஆனால் போர்கள் நடக்கின்றன. 1973-ல் வந்த போர் அதிகாரத் தீர்மானம் ஏன் அதிபரைத் தடுக்கவில்லை?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

அன்றைய அதிபர் நிக்சனின் வீட்டோவை, அதாவது மறுப்பை, மீறி நிறைவேறிய சட்டம் அது. படைகளைச் சண்டைக்கு அனுப்பும் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். படைகள் பத்திரமாகத் திரும்ப மேலும் 30 நாள். கெடு முடியும்வரை காத்திராமல், இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டே படைகளைத் திரும்ப அழைக்கலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது. அதற்கு அதிபரின் கையெழுத்து வேண்டியதில்லை. சட்டத்தின் உயிர் அந்தப் பிரிவில்தான் இருந்தது.

1983-ல் அது போயிற்று. போருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடியேற்ற வழக்கில், அதிபரின் மேசைக்குப் போகாத தீர்மானம் சட்டம்போல் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது போரை நிறுத்தும் தீர்மானத்துக்கும் அதிபரே கையெழுத்திட வேண்டும். அவர் வீட்டோ செய்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 100 பேர் கொண்ட மேலவையான செனட்டில் 34 பேர் அவர் பக்கம் நின்றால் போர் தொடரும். 2019-ல், ஏமன் போரில் சவூதி கூட்டணிக்கு அமெரிக்கா தந்த ராணுவ உதவியை நிறுத்தும் தீர்மானம் செனட்டில் 54-46, கீழவையில் 247-175 என்று நிறைவேறியது. டிரம்ப் வீட்டோ செய்தார். அதை முறியடிக்க செனட்டில் விழுந்தவை 53 வாக்குகள். பெரும்பான்மை வேண்டாம் என்ற போர் தொடர்ந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

60 நாள் கெடுவுக்கும் ஓட்டை உண்டு. ‘சண்டை’ என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. 2011-ல் லிபியாவில் தரைப்படை இல்லை, ஆகவே இது அந்தப் பொருளில் சண்டையே அல்ல என்று ஒபாமா அரசு வாதிட்டது.

உண்மையில் பலித்த வழி பணம். 1973 ஜூனில், கம்போடியக் குண்டுவீச்சுக்கான நிதியை உடனே வெட்டும் பிரிவைக் காங்கிரஸ் ஒரு நிதி மசோதாவுக்குள் வைத்தது. நிக்சன் வீட்டோ செய்தார். அந்தக் காலத்தில் நிதியாண்டு ஜூன் 30-ல் முடியும். மசோதா இல்லாவிட்டால் அரசு நடத்தவே பணம் இருக்காது. ஆகஸ்ட் 15 என்ற தேதிக்கு அவர் இறங்கிவந்தார். குண்டுவீச்சு அந்த நாளில் நின்றது. தனித் தீர்மானத்தை அதிபர் தூக்கி எறியலாம். தனக்கே தேவையான மசோதாவை எறிவது கடினம்.

அடுத்தமுறை ‘போருக்கு எதிராகக் காங்கிரஸ் வாக்களித்தது’ என்று செய்தி வந்தால், அது தனித் தீர்மானமா, நிதி மசோதாவின் பிரிவா என்று முதலில் பாருங்கள்.