எட்டு மாதக் குழந்தையைப் படகில் ஏற்றலாமா?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குடும்பத்துடன் பிச்சாவரம் போக இருக்கிறோம். மகனுக்கு 8 மாதம், எடை ஏழரை கிலோ. மகளுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. வண்டி, படகு இரண்டையும் சேர்த்து ஏற்பாடு செய்து தருகிறவர், "கைக்குழந்தைக்கு டிக்கெட்டும் இல்லை, லைஃப் ஜாக்கெட்டும் வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டால் போதும், தண்ணீர் இடுப்பளவுதான்" என்கிறார். மாமியாரோ குழந்தைகளைப் படகில் ஏற்றவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி; ஏற்பாட்டாளர் சொல்வதில் எதுவுமே சரியில்லை. மகளின் அளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் உங்கள் கையில் இருந்தால், அவளை அழைத்துப் போகலாம். மகனை இந்த முறை பாட்டியுடன் கரையில் விட்டுச் செல்லுங்கள். காரணங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் படகுத்துறையில் நான்கு பேர் "ஒன்றும் ஆகாதும்மா" என்று சொல்லும்போது காரணம் தெரியாதவர்களின் உறுதி குலைந்துவிடும்.

முதலில் அந்த டிக்கெட் விஷயம். கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்பதைப் பெற்றோர் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை ஆபத்தின் முதல் அறிகுறியாகப் பார்க்கிறேன். ஒரு படகில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பதைப் பல துறைகளில் டிக்கெட்டை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். லைஃப் ஜாக்கெட்டையும் டிக்கெட்டை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். டிக்கெட் இல்லாத குழந்தை ஆள் கணக்கிலும் வராது, ஜாக்கெட் கணக்கிலும் வராது. ஏதாவது நேர்ந்தால் தண்ணீரில் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்ற கணக்கிலும் வராது. அதனால் துடுப்புப் படகு புறப்படும் முன் படகோட்டியிடம், மடியில் இருக்கும் குழந்தைகள் உட்பட மொத்தம் இத்தனை பேர் என்று உரக்கச் சொல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைக் குழந்தைகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஜாக்கெட். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி, வார்களை இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது பரவலான தவறு. தண்ணீரில் விழுந்தவுடன் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை அதற்குள்ளிருந்து கீழே வழுகும். கழுத்தில் நிற்க வேண்டியது முகத்தை மூடிக்கொள்ளும். பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் கால் பங்கு. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். இந்தத் தலைப்பாரத்தால், சும்மா மிதக்க வைக்கும் ஜாக்கெட் பச்சைக் குழந்தைக்குப் போதாது. முகத்தை மேல்நோக்கித் திருப்பி வைக்கும் ஜாக்கெட் வேண்டும். அதில் தலைக்குப் பின்னால் தலையணை போன்ற கழுத்துப்பட்டை இருக்கும், தொடைகளுக்கு இடையே ஒரு வார் வரும், பிடித்துத் தூக்கக் கழுத்துக்குப் பின்னால் ஒரு கைப்பிடி இருக்கும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அதைச் சின்னக் குழந்தைக்குப் போடாதீர்கள்.

எடைக்கு ஏற்ற ஜாக்கெட்டா என்பதை உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டில் பார்க்கலாம். பன்னாட்டுக் கப்பல் பாதுகாப்பு விதிகள் 15 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குச் சிசு ஜாக்கெட், 15 முதல் 43 கிலோ வரை குழந்தை ஜாக்கெட், அதற்கு மேல் பெரியவர் ஜாக்கெட் என்று பிரித்திருக்கின்றன. அந்தக் கணக்கின்படி உங்கள் இரண்டு குழந்தைகளுமே சிசு வகைதான். படகுத்துறையில் "சின்ன சைஸ்" என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான அளவாகத்தான் இருக்கும். அதனால் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள், அல்லது படகுச் சவாரி செய்கிற உறவினரிடம் இரவல் கேளுங்கள்.

வாங்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. இணையக் கடைகளில் லைஃப் ஜாக்கெட் என்று தேடினால், கார்ட்டூன் படம் போட்ட நீச்சல் பழகும் சட்டைகளும் ஊதி மாட்டும் கை மிதவைகளும்தான் முதலில் வந்து நிற்கும். அவை பெற்றோர் கையெட்டும் தூரத்தில், நீச்சல் குளத்தில் விளையாடுவதற்கான பொருள்கள். காற்றுப் போனால் அவ்வளவுதான். எடை வரம்பும் தரச் சான்றும் அச்சிடாத எதையும் லைஃப் ஜாக்கெட் என்று நம்பாதீர்கள், விற்பவர் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் சரி.

வாங்கியதை வீட்டிலேயே சோதிக்கலாம். எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, வார்களை இறுக்கி, குழந்தையை நிற்கவோ உட்காரவோ வைத்து, ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். மோவாயும் காதும் ஜாக்கெட்டுக்குள் புதைந்தால் அது பெரிய அளவு, திருப்பி அனுப்பிவிடுங்கள். பிறகு நீச்சல் குளத்திலோ, ஊரில் பம்புசெட் தொட்டி இருந்தால் அதிலோ, நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கையை எடுக்காமல் மகளை மல்லாக்க மிதக்க விட்டுப் பாருங்கள். முதல் முறை நிச்சயம் வீறிட்டு அழுவாள். அந்த அழுகையைப் படகில் கேட்பதைவிடத் தொட்டியில் கேட்டு முடித்துவிடுவது மேல். மூன்றாம் முறை பழகிவிடும். கொலுசைக் கழற்றிவிடுங்கள், வாரில் மாட்டும்.

மகனுக்கும் இதே சோதனையைச் செய்து அவன் தேறினால் அழைத்துப் போகலாமே என்று கேட்பீர்கள். ஏழரை கிலோக் குழந்தைக்கு மோவாய் புதையாமல் பொருந்தும் ஜாக்கெட் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. பொருந்தும் ஜாக்கெட் இல்லாத குழந்தை சிறிய படகில் ஏறக் கூடாது என்பதில் நான் தளர்வதில்லை. அதற்குமேல் வெயில், வெக்கை, தாய்ப்பால் நேரம் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பாட்டிகள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

"மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பது மிக மோசமான யோசனை. படகு திடீரென்று சாயும்போது எந்த மனிதரின் கையும் எதையாவது பற்றிக்கொள்ளத்தான் நீளும். அதில் தாய்ப்பாசத்துக்குக் குறை ஒன்றும் இல்லை, உடம்பு அப்படித்தான் இயங்கும். இதற்குப் பயந்து சிலர் குழந்தையைத் துப்பட்டாவால் உடம்போடு கட்டிக்கொள்கிறார்கள், அல்லது நெஞ்சில் மாட்டும் குழந்தைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அது இன்னும் ஆபத்து. உங்கள் ஜாக்கெட் ஒரு உடம்பை மிதக்க வைக்கத் தைத்தது. இரண்டு உடம்புகள் சேர்ந்திருந்தால் யாருடைய முகம் மேலே இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது, தண்ணீருக்குள் முடிச்சை அவிழ்க்கவும் முடியாது.

"இடுப்பளவுத் தண்ணீர்" என்ற ஆறுதலையும் நம்பாதீர்கள். பிச்சாவரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள கழிமுகக் காடு. அடியில் கிடப்பது சேறு. அந்தச் சேற்றில் காலை ஊன்றினால் முழங்கால்வரை இழுக்கும், ஒரு காலை எடுக்க மற்றக் காலை அழுத்த வேண்டும். இரண்டு அடி தள்ளி விழுந்த குழந்தையை எட்டிப் பிடிக்க ஆகும் நேரத்தை அதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இடுப்பளவு என்றால் உங்கள் மகளுக்குத் தலைக்கு மேல். குழந்தை மூழ்கும்போது கூச்சலும் இருக்காது, கை ஆட்டலும் இருக்காது, சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் இப்படி எழுதும் ஒவ்வொரு முறையும் யாராவது நியாயமாகவே கோபித்துக்கொள்கிறார்கள். படகைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரஹாடா மக்கள் மாயாற்றில் தண்ணீர் கூடினால் பரிசலில்தான் கடக்க வேண்டும். தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படித்தான் போகிறார்கள். அவர்களிடம் போய் "ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதன் ஆபத்து அங்கே ஆற்றைவிடப் பெரிதாக இருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது வேறு: கூட்டமான நடையை விட்டுவிட்டு அடுத்த நடைக்குக் காத்திருங்கள், தண்ணீர் கலங்கி ஏறிக்கொண்டிருக்கும்போது, உயிர் போகும் அவசரம் தவிர, கடக்காதீர்கள், குழந்தையை வைத்திருப்பவர் பரிசலின் நடுவில் தரையோடு உட்காரட்டும், அவர் கையில் பை, குடை எதுவும் இருக்கக் கூடாது, குழந்தையை உடம்போடு கட்டாதீர்கள், நீந்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பாலம் கட்ட வேண்டிய இடத்தில் பாலம் கட்டாமல் தாய்மாருக்கு அறிவுரை எழுதுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதிவிலக்கு தேவைக்காகக் கடப்பவர்களுக்கு மட்டும். பொங்கல் சுற்றுலாவுக்குப் பொருந்தாது.

ஏற்பாட்டாளர்களைப் பற்றியும் சொல்கிறேன். வண்டி, சாப்பாடு, படகு என்று மொத்தமாகப் பேசுகிறவர் பலமுறை படகுத்துறையின் வரிசையில் நிற்க மாட்டார். "கவுன்ட்டரில் கூட்டம், எனக்குத் தெரிந்த படகு இருக்கிறது, உள்ளே படப்பிடிப்பு நடந்த இடம்வரை போகலாம்" என்று பக்கத்துக் கரைக்கு அழைத்துப் போவார். அந்தப் படகு எந்தக் கணக்கிலும் இராது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகச் சென்ற குடும்பத்தினர் 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 மாலையில் கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த படகும் மீன்பிடிப் படகை மாற்றிச் செய்ததுதான். அங்கேயும் 22 பேர், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மீன்பிடிப் படகின் மீது எனக்குக் குறையில்லை, அது மீனுக்கும் மீனவருக்கும் செய்தது.

1917-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் வந்தது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவு வேண்டும், ஆய்வுச் சான்று வேண்டும் என்கிறது. தாளில் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு ஒரு விசாரணை, இரண்டு வாரச் சோதனை, புதிய அறிவிப்புப் பலகை. மூன்றாம் வாரம் பழையபடி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏரியின் படகுத்துறையில், என் பேத்திக்குக் குழந்தை ஜாக்கெட் கேட்டேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்கள். மார்புக் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் செருப்புக் கயிறு முடிந்திருந்தது. உள்ளே இருந்த பஞ்சு அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தது. "இதுதான் சார் இருக்கு, எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்றார் அங்கிருந்த பையன். அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு அந்த ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்மீது இன்னும் தீரவில்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். நீங்களும் அப்படித் திரும்பத் தயாராகப் போங்கள். முன்பணம் கொடுத்துவிட்டோமே என்பதற்காக ஏறாதீர்கள். அதைவிட, முன்பணமே கொடுக்காமல் கவுன்ட்டரில் நீங்களே டிக்கெட் எடுப்பது எளிது.

போகும் நாளில், கூட்டம் சேருவதற்கு முன்பு காலையிலேயே போய்விடுங்கள். ஜாக்கெட்டைப் படகில் ஏறிய பிறகு மாட்டாமல், துறையின் படிக்கட்டுக்கு வரும் முன்பே மாட்டுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகுக்குள் காலை வைக்காதீர்கள். படகு விலகினால் இருவரும் இடைவெளியில் போவீர்கள். உங்களில் ஒருவர் முதலில் ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டட்டும், மற்றவர் கரையில் நின்று குழந்தையைக் கொடுக்கட்டும். மகளைப் படகின் நடுவில், தாழ்வாக உட்கார வையுங்கள். அவளைப் பார்த்துக்கொள்பவர் கையில் கைபேசி வேண்டாம். நாரையோ கொக்கோ தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள்; 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர் இறந்த தேக்கடி விபத்திலும், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

குறுகிய வாய்க்கால்களில் கிளைகள் கைக்கெட்டும் உயரத்தில் வரும், மகள் இலையைப் பறிக்கப் பார்ப்பாள். விடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் அந்தக் காட்டில் இருக்கிறது. கிளை ஒடிந்தால் வழியும் அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், சிறிது நேரம் பார்வையே மங்கிப்போகலாம். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் கையிலிருக்கும் குடிநீரால் நிறையக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படகு திரும்பித் துறையைத் தொட்டதும், வெக்கை தாங்காமல் மகள் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி அடம் பிடிப்பாள். இறங்கி, படிக்கட்டையும் கடந்து, பாட்டியும் தம்பியும் உட்கார்ந்திருக்கும் நிழலுக்கு வந்த பிறகு கழற்றுங்கள்.