அம்மப்பாவின் பெட்டியில் கிடைத்த முத்திரை

கேள்வி: அம்மப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். அவருடைய தகரப் பெட்டியில் 1930-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கடித உறை இருந்தது. பின்பக்கம் சின்னதாக ஒரு முத்திரை, விலையே போடவில்லை, ஓரத்தில் இரண்டு குறுக்குக் கட்டை வைத்த சிலுவை. முத்திரை சேர்க்கிற ஒருவர் இது போலி என்கிறார். உண்மையா? (ஒரு வாசகி, உப்புவெளி)

பதில்: போலி இல்லை, ஆனால் தபால் முத்திரையும் இல்லை. காசநோய்க்குப் பணம் சேர்க்க விற்ற நத்தார் வில்லை அது. அந்த இரட்டைச் சிலுவைதான் 1902-இலிருந்து காசநோய் ஒழிப்பின் சின்னம். டென்மார்க்கில் ஹோல்பொல் என்ற தபால் ஊழியர், நத்தாருக்குக் குவிகிற கடிதங்களைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சல்லிக்காசு வில்லை ஒட்டினால் என்ன என்று யோசித்து 1904-இல் தொடங்கினார். அந்தக் காசில் கோல்டிங் என்ற ஊரில் பிள்ளைகளுக்கென்றே ஒரு சானடோரியம், அதாவது காசநோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை, எழுந்தது. 1907-இல் அமெரிக்காவில் எமிலி பிஸல் ஒரு வில்லை ஒரு சதம் என்று விற்றார். தேவைப்பட்டது 300 டொலர், சேர்ந்தது கிட்டத்தட்ட 3000.

அப்போது மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943-இல். அதனால் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால், அங்குள்ள பிள்ளைகளை நோய் முற்றுமுன்பே பிரித்து, பால், முட்டை, காற்று, வெயில் என்று மாதக்கணக்கில் வேறிடத்தில் வைத்தார்கள். பெற்றோர் எப்போதாவதுதான் வந்து பார்க்கலாம். தாயைப் பிரித்துத் தேற்றிய உடம்பு எவ்வளவு தேறியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் இருமுகிற வீட்டிலிருந்து கைக்குழந்தையை அகற்றியதில் நியாயம் இருந்தது.

சுவிட்சர்லாந்தில் லேசான் என்ற மலையூரில் ரோலியே என்ற டாக்டர், எலும்பில் காசநோய் வந்த பிள்ளைகளுக்கு வெயிலையே வைத்தியமாக்கினார். முதல் நாள் பாதம் மட்டும், அதுவும் ஐந்து நிமிடம். அப்புறம் முழங்கால் வரை, பிறகு தொடை, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக முழு உடம்பும். கோவணமும் வெள்ளைத் தொப்பியுமாகப் பனியில் நிற்கிற பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. சித்திரை வெயிலில் டச்சு பே மணலில் கால் வைக்க முடியாத நமக்கு இது வேடிக்கைதான்!

கேள்வி: பேத்திக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டு ஒன்றரை மாதம். கையில் சீழ் வைத்திருக்கிறது. அந்த ஊசியாலேயே கசம் வரும் என்று என் அம்மா பயப்படுகிறார். (ஒரு வாசகர், நிலாவெளி)

பதில்: சீழ் வைப்பது வழமைதான். பிதுக்கவேண்டாம், எண்ணெய், மஞ்சள், களிம்பு எதுவும் வேண்டாம், சுத்தமாக வைத்திருங்கள், தானாகக் காய்ந்து தழும்பாகும். அக்குளில் கட்டி தெரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கல்மெத், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கிலும் மாட்டுப் பித்தநீரிலும் 13 வருடம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைப் போக்கினார்கள். அதுதான் பிசிஜி. 1921-இல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள், ஊசியாக அல்ல, வாய்வழியாக. தாய் காசநோயில் இறந்துவிட்டாள், வளர்க்கப்போகும் பாட்டிக்கும் அதே நோய். சரி, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் சுமார் 250 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 70-க்கும் மேல் இறந்தன. அங்குள்ள ஆய்வுகூடத்தில் வீரியமுள்ள கிருமி கலந்துவிட்டது. வழக்கில் இரண்டு மருத்துவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். தவறு ஆய்வுகூடத்தில், ஆனால் கெட்ட பெயர் மருந்துக்கு. பல நாடுகள் வெகுகாலம் தயங்கின.

ஒன்று மட்டும்: பிசிஜி சின்னப் பிள்ளைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்துதான் நன்றாகக் காக்கும். பெரியவர்களின் நெஞ்சுக்கு அதை நம்ப முடியாது. வீட்டில் யாராவது இரண்டு கிழமைக்கு மேல் இருமினால், பேத்தியைத் தூக்கக் கொடுக்குமுன் அவரது சளியைப் பரிசோதித்துவிடுங்கள்.