சட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்

கேள்வி: என் கணவருக்கு வயது 58. ஓராண்டுக்கு முன் மோட்டார் நியூரான் நோய் என்று கண்டறிந்தார்கள். இடது கை மட்டுமே வலுவிழந்திருக்கிறது. ஆனாலும் நான் சொல்லும்வரை குளிப்பதில்லை; சட்டையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இட்லியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு புரையேறுகிறது. எல்லாவற்றையும் நானே செய்துகொடுத்துக் கெடுத்துவிட்டேனா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் கெடுக்கவில்லை, அம்மா. இந்நோய் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை மட்டுமே தாக்கும், அறிவைத் தொடாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ மாற்றம் ஏற்படுகிறது என்பதும், 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு அது டிமென்ஷியா எனப்படும் அறிவுத்திறன் இழப்பு அளவுக்கே இருக்கிறது என்பதும் இன்று தெளிவாகியிருக்கிறது. ஒரு செயலைத் தொடங்கவும், அடுத்த படியை யோசிக்கவும், எதிரிலிருப்பவரின் வேதனையை உணரவும், அவசரத்தை அடக்கவும் மூளையின் முன்பகுதி வேண்டும். அது பாதிக்கப்பட்டால் வலுவுள்ள கையும் சும்மா கிடக்கும். நினைவாற்றல் பெரும்பாலும் தப்பிவிடுவதால், வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டார் மனம் நொந்துபோகிறார்கள். என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இது மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஆனால் மனச்சோர்வில் துயரம் வெளிப்படும், இந்த அக்கறையின்மையில் பெரும்பாலும் துயரமே தெரியாது. காலையில் தலைவலியும் பகலில் தூக்கமும் இருந்தால், இரவில் மூச்சு போதாமல் கரியமில வாயு தேங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்; அதுவும் காரணமாக இருக்கலாம். சிந்தனை, நடத்தை மாற்றங்களைக் கண்டறிய ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான ‘ஈகாஸ்’ என்னும் சோதனை இந்நோயாளிகளுக்கென்றே அமைந்தது. சுமார் 20 நிமிடத்தில் முடியும். பேச முடியாதவர் எழுதியும், எழுத முடியாதவர் சொல்லியும் விடையளிக்கலாம். அதில் குடும்பத்தாரிடம் தனியே கேட்கும் கேள்விகளும் உண்டு. எனவே இங்கே எழுதியதையெல்லாம் அவர் இல்லாத நேரத்தில் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில், “குளிக்கிறீர்களா?” என்று கேட்டால் “அப்புறம்” என்றே பதில் வரும். துண்டைக் கையில் கொடுத்து, “வாங்க, தண்ணீர் சூடாக இருக்கிறது” என்று அழையுங்கள். சட்டையின் வலுவிழந்த கைப்பக்கத்தை முதலில் நீங்கள் மாட்டிவிட்டு, மீதியை அவரிடமே விடுங்கள். தொடங்கிவைத்தால் அவர் தொடரக்கூடும். வயிற்றுக்கு நேராக உணவு செலுத்தும் குழாய், மூச்சுக் கருவி, வங்கிக் கணக்கு பற்றிய முடிவுகளை அவரால் நன்மை தீமையை எடைபோட முடிகிற இப்போதே பேசிவிடுங்கள்.

புரையேறுவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். அதுவரை இட்லியைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு வாய் உள்ளே போன பிறகே அடுத்ததைத் தட்டில் வையுங்கள். சாப்பிடும்போது டிவி வேண்டாம், அருகிலேயே இருங்கள்.