சாயத்தண்ணியை வெயிலில் வைத்தால் சுத்தமாகுமா?

வெயிலைக் கொண்டு இரசாயன அழுக்கைச் சிதைக்கும் ஒளி ஊக்கிகள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில. ஒரே விசயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதிலாகச் சேர்த்திருக்கிறேன்.

சேர், எங்கட வாப்பா காலத்திலிருந்து கைத்தறிதான். சாயம் தோய்ச்ச தண்ணி காணுக்குள்ள போறதால சனம் ஏசுது. ஒரு வெள்ளைத்தூளைப் போட்டு வெயில்ல வெச்சா நிறம் போயிருமாம். உண்மையா? (மருதமுனை)

உண்மைதான். ஆனால் தொட்டியிலிருந்து நேரே வரும் கருஞ்சாயத்துக்கு அது சரிவராது.

நீங்கள் சொல்லும் தூள் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. இதை மின்வாயாக வைத்து ஒளி பாய்ச்சினால் தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது என்று 1972இல் யப்பானியர்களான புஜிஷிமாவும் ஹொண்டாவும் காட்டினார்கள். இதே தூளால் அழுக்கையும் சிதைக்கலாம் என்பது பின்னால் தெரியவந்தது. கழியூதாக் கதிர் பட்டதும் தூளுக்குள் ஓர் இலத்திரன் இடம் பெயர்கிறது. அது விட்டுப்போன வெற்றிடம் பக்கத்திலுள்ள நீரிலிருந்து இலத்திரனைப் பறிக்க, ஐதரொட்சில் மூலிகம் (எதிலிருந்தும் இலத்திரனைப் பறிக்கத் துடிக்கும் ஒரு மூலக்கூறுத் துண்டு) பிறக்கிறது. அதன் ஆயுள் மிகமிகக் குறைவு. ஆனால் எதிர்ப்படும் சேதன (காபன் அடங்கிய) மூலக்கூறுகளில் அனேகமானவற்றை விட்டுவைக்காது. சாயம் துண்டு துண்டாகி, போதிய நேரம் கொடுத்தால் பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீருமாக முடியும். தூள் செலவாவதில்லை.

இனிச் சிக்கலைச் சொல்கிறேன். கருநீலத் தண்ணீருக்குள் ஒளி ஒரு விரற்கடை ஆழம்கூட இறங்காது. ஒளி எட்டாத இடத்தில் அந்தத் தூளும் மணலும் ஒன்றுதான். ஆகவே முதல் சாயத்தண்ணியையும் பிறகு அலசும் தண்ணியையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். முதலாவதைத் தனித் தொட்டியில் படியவிட்டு, வண்டலைப் பிரித்தெடுங்கள். வெளிறிய அலசல் தண்ணிதான் வெயிலுக்கு ஏற்றது. அதுவும் ஆழமில்லாத தட்டுத் தொட்டியில். தூளைச் சும்மா கொட்டினால் இலகுவில் படியாது, தண்ணியோடு காணுக்கே போய்விடும். கண்ணாடியிலோ ஓட்டிலோ பூசி ஒட்டவைத்துத்தான் பாவிக்க வேண்டும்.

நிறம் போனதும் வேலை முடிந்ததென்று நினைத்துவிடாதீர்கள். மூலக்கூறில் நிறம் தரும் பகுதிதான் முதலில் உடைகிறது. மீதித் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். இரசாயன ஒட்சிசன் தேவை (தண்ணியில் மிஞ்சிய அழுக்கை ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் வேண்டும்) என்ற அளவைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். சாயத்தோடு போட்ட உப்பையும் கோஸ்டிக் சோடாவையும் ஒளி ஊக்கி தொடவே தொடாது. உப்பு கூடினால் மூலிகத்தின் வேகமும் குறையும். ஒரு தறிக்காரர் தனியாகச் செய்து கரையேற முடியாத வேலை இது. பத்துத் தறிக்காரர் சேர்ந்து ஒரு பொதுத்தொட்டி கட்டுவதுதான் வழி என்பது என் உறுதியான எண்ணம்.

உயர்தரத்தில் செயற்றிட்டம் செய்கிறேன். பெயின்ற் செய்யும் வெள்ளைத்தூளைப் பாவிக்கலாமா சேர்? (களுவாஞ்சிக்குடி)

வேண்டாம், தங்கச்சி. பெயின்ற் வெயிலில் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக அந்தத் தூளின் மேல் அலுமினாவோ சிலிக்காவோ பூசி, ஒளி ஊக்கும் குணத்தை வேண்டுமென்றே அடக்கியிருப்பார்கள். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் பளிங்கு வகைகளில் ஒன்றான, பூச்சு இல்லாத ‘அனற்றேசு’ தூளை ஆசிரியர் மூலம் கேட்டுப் பாருங்கள்.

மெதிலீன் நீலத்தை வான்நீல நிறம் வருமளவுக்கு ஐதாக்கி, மூன்று கண்ணாடித் தட்டுகளில் ஊற்றுங்கள். ஒன்றில் தூளும் வெயிலும், இன்னொன்றில் வெயில் மட்டும், மூன்றாவதில் தூளிட்டு இருட்டில். இந்த மூன்றும் இல்லாவிட்டால் உங்கள் முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். மெதிலீன் நீலம் தானாகவும் வெயிலில் வெளிறும். தூளும் கொஞ்சச் சாயத்தைத் தன் மேல் ஒட்டவைக்கும். அதனால் தூள் போட்டபின் அரை மணித்தியாலம் இருட்டில் வைத்துக் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். இடையிடையே கலக்கவும் வேண்டும். இடம் பெயர்ந்த இலத்திரனை ஏற்க ஒட்சிசன் இல்லாவிட்டால் அது திரும்பவும் வெற்றிடத்திலேயே விழுந்துவிடும்.

தூளை அள்ளும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது கூடாது.

நம்மட வெயிலுக்கு இது இன்னும் வேகமாக நடக்க வேணுமே? (பொத்துவில்)

வெயில் தாராளம்தான். ஆனால் இந்தத் தூளுக்கு ஏறத்தாழ 390 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம்தான் உதவும். சூரிய ஒளியில் அது 5 வீதம் அளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் காபன் நைத்திரைட்டு போன்றவற்றில் ஆய்வு மும்முரமாவதற்கு இதுவே காரணம்.

ஒட்டாத சட்டிப் பூச்சோடு தொடர்புடைய, அழியாத இரசாயனங்களையும் இது உடைக்குமா? (கல்முனை)

சாதாரண தைத்தேனியத் தூள் அதில் தோற்றுப்போகும். காபன்–புளோரீன் பிணைப்பு அவ்வளவு வலியது. ஐதரொட்சில் மூலிகத்தால் அதை அறுக்க முடிவதில்லை. 2024இல் சீனாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள், இலத்திரனைப் பறிப்பதற்குப் பதிலாகத் திணிக்கும் சேதன ஒளி ஊக்கிகளால் இந்தப் பிணைப்பை அறுத்துக் காட்டின. பெரிய விசயம்தான், ஆனால் ஆய்வுகூடக் குடுவைக்குள் நடந்தது.

வயலுக்கு மருந்தடிச்ச டேங்கைக் கழுவுற தண்ணிக்கு இது சரிவருமா? (அக்கரைப்பற்று)

பல களைநாசினிகளை ஒளி ஊக்கி உடைக்கும். ஆனால் அதைவிட இலகுவான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. டேங்கை மூன்று தரம் கொஞ்சக் கொஞ்சத் தண்ணியால் அலசி, அதையும் அதே வரவைக்குள் தெளித்துவிடுங்கள். வாய்க்காலில் வைத்துக் கழுவவே கூடாது. அந்தத் தண்ணி கீழ் வட்டைக்கும் போகும், வாவிக்கும் போகும்.

எங்கட கிணற்றுத் தண்ணியில நைத்திரேற்று கூட என்று சொன்னாங்க. வீட்டில கைக்குழந்தை. வெயில்ல வைக்கவா, கொதிக்க வைக்கவா? (ஆரையம்பதி)

இரண்டும் வேண்டாம், தங்கச்சி. போத்தலில் நிரப்பி வெயிலில் வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று அப்படியே இருக்கும். ஒளி ஊக்கிகள் சேதன அழுக்குக்கு உரியவை. உப்பு, நைத்திரேற்று, நீரின் கடினத்தன்மைக்கு அவை மருந்தல்ல. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி, நைத்திரேற்றின் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தல் பால் குடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். சோதித்த அளவைக் கேட்டு எழுதி வாங்கி, உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். பால்மா கரைக்க இன்றைக்கே குழாய்த் தண்ணீருக்கு மாறுங்கள்.